இலையில் வைத்த மாங்கனி

ஆனிப் பௌர்ணமியன்று காரைக்காலில் பிச்சையேற்கும் கோலத்தில் சிவன், பிச்சாண்டவராக, உலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்கள் வந்து விழும். கோவில்பத்திலிருந்து நடந்து வந்தவரும் வெளியூரிலிருந்து காரில் வந்தவரும் ஒரே நெரிசலில் கையேந்துவார்கள். புடவைத் தலைப்பை விரித்து நிற்கும் பெண்ணை யாரும் இல்லாதவள் என்று நினைப்பதில்லை. ஊரே ஏந்தும்போது ஏந்துவதில் கூச்சமில்லை.

சிலர் மட்டும் ஏந்த, ஊர் வேடிக்கை பார்க்கும்போதுதான் கை கூசுகிறது. 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கடற்கரை அதைக் கண்டது. நாகைப் பக்கம் லாரி லாரியாக வந்திறங்கிய பழந்துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. மீனவக் குடும்பங்களுக்கு அதை எடுத்து உடுத்த மனம் வரவில்லை. கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். வாங்குகிறவருக்கும் ஒரு மனசு உண்டென்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

புகழ்பெற்றவர்கள் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும்போதும் அந்த மனசைப் பற்றிய கேள்வி எழுகிறது. கேமரா முன் கொடுப்பது அறமா? நடிகர் சூர்யா 2006இல் அகரம் அறக்கட்டளையைத் தொடங்கினார். 2010இல் அதன் ‘விதை’ திட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள், பலரும் தம் குடும்பத்தில் முதல் தலைமுறையாக, அதன் வழியே கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். அவருடைய முகத்தை நம்பித்தான் பலர் பணம் தருகிறார்கள். தன் முகத்தை நல்ல காரியத்துக்குச் செலவழிப்பவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளையின் முகம் வேறு. 2020 தொடக்கத்தில் அகரம் மேடையில் ஒரு மாணவி தன் கதையைச் சொன்னார், சூர்யா கண்கலங்கினார், அந்தக் காட்சி தமிழ்நாட்டின் கைப்பேசிகளையெல்லாம் சுற்றிவந்தது. அது அந்த மாணவியின் கதை, அவர் உரிமை. அவர் பேச்சு பலருக்குத் துணிவும் தந்திருக்கும். ஆனால் இதுவே எல்லா அறக்கட்டளைகளுக்கும் வழக்கமாகிவிட்டால்? கட்டணம் கட்டுகிறவர் ‘பேசும்மா’ என்று மைக்கை நீட்டினால், பதினேழு வயதுப் பெண் எப்படி மறுப்பாள்? மறுக்க முடியாத இடத்தில் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற ஓப்ரா வின்ஃப்ரேயும் இப்படிப் பிள்ளைகளைப் படிக்கவைக்க முன்வந்தவர். அவர் 2007 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் அருகே, ஏறத்தாழ 4 கோடி டாலர் செலவில் பெண்கள் பள்ளி திறந்தார். முதலில் சேர்ந்தவர்கள் 152 பேர். இத்தனை பேருக்கு இவ்வளவு ஆடம்பரமா என்று கேட்டார்கள். ஏழைப் பெண்ணுக்கு நல்ல கட்டிலும் நூலகமும் அதிகப்படி என்பது பழந்துணிக்காரர்களின் நியாயம். அதை ஏற்க முடியாது. அதே ஆண்டு விடுதி ஊழியர் ஒருவர் மீது மாணவிகளைத் துன்புறுத்தியதாகக் குற்றச்சாட்டு வந்தது. வழக்கு 2010இல் விடுதலையில் முடிந்தது. குற்றச்சாட்டு எழுந்ததுமே ஓப்ரா அங்கே போய்ப் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். பள்ளி இன்றும் நடக்கிறது. திறப்பு விழாவைவிட, குற்றச்சாட்டு எழுந்த அந்த நாட்களில்தான் அவர் அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டார்.

மாடிகளிலிருந்து விழும் அந்த மாம்பழங்களுக்குப் பின்னே ஒரு கதை உண்டு. காரைக்காலில், பின்னாளில் காரைக்கால் அம்மையார் ஆன புனிதவதியார் வீட்டுக்குச் சிவனடியார் ஒருவர் பசியோடு வந்த வேளையில் சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. கணவன் அனுப்பிய மாங்கனியில் ஒன்றை எடுத்து இலையில் வைத்தார். வந்தவரின் கதையைக் கேட்கவில்லை. பசியைப் பார்த்தார், பரிமாறினார்.

உதவித்தொகை விழா நடத்துகிறவர்கள் ஒன்று செய்யலாம். கட்டணத்தை முதலில் கட்டிவிடுங்கள். ரசீதை மாணவியின் கையில் கொடுங்கள். பேசினாலும் பேசாவிட்டாலும் படிப்பு நிற்காது என்று சொல்லிவிட்டு, அதன்பிறகு, தனியாகக் கேளுங்கள்: மேடையில் பேச விருப்பமா?