பூஜ்ஜியத்திலிருந்து எண்ணு!

நிமிர்ந்து உட்கார், தம்பி. மேசை மேல் கிடக்கும் அந்த ரெக்கார்டு நோட்டைத் திற. பிரவுன் அட்டை போட்டாயிற்று. லேபிள் ஒட்டியாயிற்று. உன் பெயரை ஸ்கெட்ச் பேனாவில் நிழல் வைத்துக்கூட எழுதியாயிற்று. உள்ளே? முதல் இரண்டு சோதனைகளுக்குப் பிறகு வெறும் தாள். நாளை மறுநாள் கையெழுத்து வாங்க வேண்டும். "மச்சி, உன் ரெக்கார்டை போட்டோ எடுத்து அனுப்புடா" என்று தட்டிவிட்டுக் காத்திருக்கிறாய்.

வந்ததும் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். நானும் செய்தவன்தான்.

டிப்ளமோ முதலாண்டு. இயற்பியல் செய்முறைத் தேர்வு. என் ரெக்கார்டில் தனி ஊசல் சோதனை அழகாக இருந்தது. வலப் பக்கம் நீல மையில் செய்முறை, இடப் பக்கம் பென்சிலில் படமும் அட்டவணையும், கடைசி வரியில் g = 9.8. அத்தனையும் முன் பெஞ்சுக்காரனுடையது. வெளித் தேர்வாளர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "எத்தனை அலைவு எண்ணின?" என்றார். "பத்து சார்" என்றேன். அட்டவணையில் இருபது என்று இருந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். நூலையும் குண்டையும் காட்டி, "செஞ்சு காட்டு" என்றார். கை நடுங்கியது. ஒரு மீட்டர் நீளம் வைத்து, ஆடவிட்டு, ஸ்டாப்வாட்சை அமுக்கி, இருபது வரை எண்ணி நிறுத்தினேன். சூத்திரத்தில் போட்டால் 10.86 வருகிறது! வியர்த்துவிட்டது. ரப்பரை எடுத்து அழிக்கப் போனேன். "அழிக்காதே. வாட்சை அமுக்கும்போது வாய்ல என்ன சொன்ன?" என்றார். "ஒன்னு, சார்." அவர் சிரித்தார். எனக்குச் சுரீரென்று பட்டது. அமுக்கும் கணத்தில் ஓர் அலைவும் முடியவில்லையே! 'ஒன்று' என்று தொடங்கி இருபதில் நிறுத்தினால் ஆடியது பத்தொன்பதுதான். அந்த நேரத்தை இருபதால் வகுத்தால் 10.86 வராமல் வேறென்ன வரும்? 'பூஜ்ஜியம்' என்று தொடங்கி மறுபடி செய்தேன். 9.8-ஐ ஒட்டி வந்து நின்றது.

அன்று எனக்கு விழுந்த மதிப்பெண் நினைவில் இல்லை. அந்த 10.86 மட்டும் இன்றைக்கும் மறக்கவில்லை. முன் பெஞ்சுக்காரனின் 9.8 எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. என் தப்புதான் எனக்கு வாத்தியார்!

"எனக்கு எழுத வராது சார்" என்கிறாய். யாருக்கு வந்தது? லண்டனில் ஒரு கொல்லரின் மகன் இருந்தான். பள்ளிப் படிப்பு ஏதோ பெயருக்கு. புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான். 1812-இல் ஒரு வாடிக்கையாளர் தயவில் ஹம்ஃப்ரி டேவியின் அறிவியல் சொற்பொழிவுகளுக்கு அவனுக்கு நுழைவுச்சீட்டு கிடைத்தது. போனான், கேட்டான், குறிப்பெடுத்தான். வீட்டுக்கு வந்து அதை விரித்து எழுதி, படம் வரைந்து, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினான். 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. அவன்தான் மைக்கேல் ஃபாரடே! சிபாரிசுக் கடிதம் இல்லை, பட்டம் இல்லை. ஓர் அசைன்மென்ட், அதுவும் யாரும் கேட்காத அசைன்மென்ட், அவனைக் கடையிலிருந்து ஆய்வகத்துக்குத் தூக்கிப் போனது.

அதைவிட எனக்குப் பிடித்தது பின்னால் நடந்தது. மின்காந்தத் தூண்டலைக் கண்டு உலகப் புகழ் பெற்ற பிறகும் அவர் தம் ஆய்வுக் குறிப்பேட்டைப் பத்திக்குப் பத்தி எண் போட்டு எழுதினார். எண்கள் 16,000-ஐத் தாண்டின. 1849-இல், புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று நம்பி, கம்பிச் சுருளை உயரத்திலிருந்து மெத்தை மேல் விழவிட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை என்றே எழுதினார். எழுதியதோடு விடாமல் கட்டுரையாகவும் வெளியிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் 'வரவில்லை' என்று எழுத வெட்கப்படவில்லை. உன் g மதிப்பு 9.3 என்று வந்தால் உனக்கு என்ன வெட்கம்? இருபது அலைவுக்கு ஒரே ஒரு விநாடி கூடுதலாகப் போனால் அது வரத்தான் செய்யும். அதை எழுது. ஏன் வந்தது என்று கீழே இரண்டு வரி எழுது. அந்த இரண்டு வரியை எவனிடமிருந்தும் காப்பியடிக்க முடியாது.

வணிகவியல் மாணவியே, உனக்கும்தான் சொல்கிறேன். இருப்பாய்வு சேரவில்லை என்றதும் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறாயே! நில். அந்த வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபடுகிறதா? எங்கோ இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கலாம். 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. வகுபடவில்லையா, வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடு. பற்றில் வர வேண்டியது வரவில் உட்கார்ந்திருக்கலாம். கணக்கு உன்னிடம் குறும்பு செய்கிறது, அவ்வளவுதான். பிடி அதை!

ஐ.டி.ஐ. ஃபிட்டர் தம்பி, நீ அரம் போட்ட ஜாப்பில் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்திருப்பாய். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கசிந்திருக்கும். நடு மேடாக இருக்கிறது என்று அர்த்தம். தள்ளும்போது அரம் ஊஞ்சல் ஆடியிருக்கிறது. ரெக்கார்டில் 'பரப்பு சமதளமாக்கப்பட்டது' என்று எழுதுகிறாயே, யாருக்காக? 'ஓரம் தேய்ந்தது, நடு நின்றது, அரத்தை மட்டமாகப் பிடிக்க வேண்டும்' என்று உன் தமிழில் எழுது. நாளைக்குக் கம்பெனியில் சூப்பர்வைசர், "ஏம்ப்பா இது உட்கார மாட்டேங்குது?" என்று கேட்கும்போது பதில் நாக்கு நுனியில் இருக்கும். தையல் பயிலும் தங்கச்சி தன் ரெக்கார்டில் ஒட்டும் துணித் துண்டுக்கும் இதே கதைதான். காசு கொடுத்து வாங்கி ஒட்டிய காஜா, வாடிக்கைக்காரர் வந்து நிற்கும்போது உதவாது.

மதிப்பெண் வேண்டாமா என்கிறாய். வேண்டும், ஏன் வேண்டாம்? பிளஸ் டூ அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த முப்பதும் உன் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. (அழகான கையெழுத்துக்கு மட்டும் மதிப்பெண் அள்ளிப் போடும் ஆசிரியர்களும் உண்டு. அவர்களோடு எனக்குத் தீராத சண்டை. அது வேறு கதை.) ரெக்கார்டு எழுதிக் கொடுத்துக் காசு வாங்குபவரும் உண்டு. இப்போது கைபேசியைக் கேட்டால் நொடியில் கட்டுரையே கொட்டுகிறது. புரியாததைக் கேள், தப்பில்லை. ஆனால் உன் நூலைக் கைபேசி கட்டவில்லை, உன் அரத்தை அது தள்ளவில்லை. உன் 10.86 அதற்கு எப்படித் தெரியும்?

மொத்தத்தையும் நினைத்து மலைக்காதே. பத்துச் சோதனை பாக்கி இருந்தால் இருக்கட்டும், ஒன்றை எடு. நோக்கம், தேவையான கருவிகள் என்று மேலிருந்து தொடங்காதே. அங்கேதான் தூக்கம் வரும். நீ அளந்த அட்டவணையை முதலில் போடு, கணக்கைப் போடு, பிறகு மேலே போய் மற்றதை எழுது. அளவே எடுக்கவில்லையா? அன்றைக்கு நீ ஆய்வகத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாயா? பரவாயில்லை. மணி ஒன்பதுதான் ஆகிறது.

அந்தச் செய்தி வந்துவிட்டது போலிருக்கிறது, கைபேசி மினுங்குகிறது. திறக்காதே. அதிலுள்ள ஸ்டாப்வாட்ச் மட்டும் போதும். அம்மாவின் தையல் பெட்டியில் நூல் இருக்கும். வாசல் கதவின் பூட்டை எடுத்து அதில் கட்டு. நிலைப்படியின் மேல் ஆணியில் தொங்கவிடு. ஆணியிலிருந்து பூட்டின் நடு வரைக்கும் டேப்பில் அளந்து எழுதிக்கொள். லேசாக ஒரு பக்கம் இழுத்து விடு. இரண்டு மூன்று முறை ஆடட்டும். பூட்டு ஓரத்துக்கு வருகிறது பார், கட்டை விரலை வை.

சொல்: பூஜ்ஜியம்.