நடைவரை வருகிறவர்கள்

விடுமுறை நாளில் எங்கள் பக்கத்து வீடுகளுக்குச் சுவிசேஷம் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேராகத்தான் வருவார்கள். தோளில் பை. பைக்குள் துண்டுப் பிரதிகள், தமிழில் ஒரு கட்டு, மலையாளத்தில் ஒரு கட்டு. கேரள, தமிழக எல்லையில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எந்த வீட்டில் எந்த மொழி என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. முற்றத்தில் நின்று ஒரு சொல் கேட்டால் அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். என் சித்தி அவர்களிடம் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"வேண்டாம் மக்களே, நாங்க அம்பலத்துக்குப் போறவங்க. வெயில்ல வந்திருக்கீங்க, கொஞ்சம் வெள்ளம் குடிச்சிட்டுப் போங்க."

இரண்டு வாக்கியத்துக்கும் குரல் மாறாது. முதலாவதைத் தயங்கி இழுத்தால் வந்தவர் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். இரண்டாவதை விட்டுவிட்டால் மனம் நொந்து படியிறங்குவார். சித்திக்கு இரண்டும் தெரியும்.

*

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ரஸ்ஸல்புரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் சார்லஸ் டேஸ் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர், பைபிள் மாணவர்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கியவர். அந்த வழியில் வந்தவர்களே 1931இல் யெகோவாவின் சாட்சிகள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசுவதை ஒவ்வொரு விசுவாசிக்கும் கடமையாக வைத்திருப்பவர்கள். 1912இல் ரஸ்ஸல் திருவிதாங்கூருக்கு வந்தார். அதற்கு முன்பே எஸ். பி. டேவி என்ற தமிழர் அமெரிக்காவில் அவரைச் சந்தித்துவிட்டுத் திரும்பி, நாகர்கோவில் வட்டாரத்தில் தமிழிலேயே பைபிள் வகுப்புகள் நடத்தியிருந்தார். வந்துபோன விருந்தாளியின் பெயரை ஊர் வைத்துக்கொண்டது. அங்கே குடியிருப்பவர்கள் எல்லோரும் அவருடைய போதனையை ஏற்றவர்கள் அல்லர். இருந்தாலும் விலாசம் எழுதும்போது எல்லோரும் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள்.

*

சுவிசேஷம் சொல்ல வருகிறவரைப் பார்த்ததும் முகம் சுளிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. "கேட்காத வீட்டுக்கு எதற்கு வருகிறார்கள்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சீமையில் அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு: எவருடைய வீட்டுக்கு எவருமே போகாமல் இருந்தார்கள்?

தென் திருவிதாங்கூருக்குப் பாதிரி தானாக வந்து சேரவில்லை. மயிலாடிக்காரரான வேதமாணிக்கம், சாதி அடுக்கின் அடியில் வைக்கப்பட்டவர், தஞ்சாவூரில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பியவர், அவர் அழைத்து ரிங்கல்தௌபே என்ற லண்டன் மிஷன் பாதிரி 1806இல் வந்தார். பிறகு பாறசாலை அந்த மிஷனின் மையங்களில் ஒன்றாயிற்று. மிஷனின் வேதாகமப் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். அவர்கள் கொண்டு போனது ஜெபம் மட்டுமில்லை, எழுத்தும். அடுக்களையைத் தாண்டாத பெண்கள் பலர் முதலில் படிக்கக் கற்றது அவர்களிடம்தான். நாடார் பெண்கள் தோளை மறைத்து உடுத்தக் கூடாது என்று ரோட்டில் வைத்துத் துணியைக் கிழித்த காலம் அது. 1859இல் மகாராஜாவின் பிரகடனம் வரும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை.

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்து ஊரூட்டம்பலத்தில், பஞ்சமி என்ற புலையர் வீட்டுச் சிறுமியை, அந்தச் சமூகத்தின் தலைவரான அய்யங்காளி கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். அவள் உட்கார்ந்த பள்ளிக்குத் தீ வைத்தார்கள். அய்யங்காளி மதம் மாறியவர் அல்லர், மாற்றத்தை ஆதரித்தவரும் அல்லர். மாறாமலே உள்ளே போக வேண்டும் என்றார். அந்தத் தீயை நினைத்துக்கொண்டால், கதவைத் தட்டுகிறவர்மேல் எனக்கு வருகிற எரிச்சல் பாதி அடங்கிவிடுகிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. அதைப் பற்றியும் எழுத வேண்டும்.

*

அருவிப்புரம். 1888, சிவராத்திரி. நாராயண குரு நெய்யாற்றில் மூழ்கி எடுத்த கல்லைச் சிவனாக வைத்தார். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறந்தாராக வாழும் முன்மாதிரி இடம் இது என்ற பொருளில் அங்கே எழுதி வைத்தார். 1924இல் ஆலுவாயில் அவர் கூட்டிய சர்வமத மாநாட்டில், இது வாதிட்டு வெல்வதற்கான கூட்டமில்லை, அறிவதற்கும் அறிவிப்பதற்குமான கூட்டம் என்பதை எல்லோரும் காண எழுதி வைத்தார்கள்.

அறிவிப்பதோடு அறிவதையும் சேர்த்தாரே, அதில்தான் என் மனம் நிற்கிறது. நடைக்கு வருகிறவர்கள் அறிவிக்க வருகிறார்கள். மலையாள மாதத்தின் முதல் வெள்ளியான முப்பெட்டு வெள்ளிக்கிழமையில் சித்தி எதற்காக விரதம் இருக்கிறார் என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் உட்காரச் சொல்லி ஒரு சாயா போட்டுக் கொடுத்திருப்பார்.

*

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துக்கொண்டேன். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமையில் இன்னொருவரை மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

கிரீஸ் நாட்டு வழக்கு ஒன்று இன்னும் நெருக்கமானது. மினோஸ் கொக்கினாகிஸ் ஒரு யெகோவாவின் சாட்சி. கதவைத் தட்டிப் பேசியதற்காக வாழ்நாளில் 60 முறைக்கு மேல் கைதானவர். 1986இல் அவரும் மனைவியும் ஒரு வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டுக்காரர் ஊர்த் தேவாலயத்தில் பாடுகிறவர், போலீஸுக்குச் சொல்லிவிட்டார். 1993இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கொக்கினாகிஸ் பக்கம் நின்றது. அதே தீர்ப்பில் ஒரு கோடும் போட்டது: விசுவாசத்தைச் சொல்வது வேறு, ஆதாயம் காட்டியோ, துன்பத்திலும் தேவையிலும் இருப்பவரை நெருக்கியோ இழுப்பது வேறு.

நம் பக்கத்தில் அதே மதத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் உண்டு. கோட்டயம் மாவட்டத்தில் பள்ளியில் தேசிய கீதத்துக்கு எழுந்து மரியாதையாக நின்றார்கள், பாடவில்லை. 1985இல் பள்ளியை விட்டு விலக்கினார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தப் பிள்ளைகளின் மௌனத்தைப் பாதுகாத்த சட்டம்தான், வேண்டாம் என்று சொல்லும் என் சித்தியையும் பாதுகாக்கிறது.

*

மறுக்கும் உரிமை வீட்டில் இருப்பவருடையது. அவருக்காக வேறொருவர் மறுக்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊர் எல்லையில் பலகை வைத்து இன்ன மதத்தார் உள்ளே வரக் கூடாது என்பவர்களும், துண்டுப் பிரதியைப் பிடுங்கிக் கிழிப்பவர்களும், பையோடு வந்த பெண்களை மறித்து வீடியோ எடுப்பவர்களும் எங்களைக் காப்பதாகச் சொல்கிறார்கள். யார் கேட்டது? வேண்டாம் என்று சொல்ல சித்திக்கு ஆள்பலம் தேவைப்பட்டதில்லை. ஊர் முழுவதற்குமாகச் சிலர் முடிவெடுக்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பதை எங்கள் தெற்கே 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதியபோது பார்த்தோம். துப்பாக்கிச் சூடு, எரிந்த வீடுகள், பிறகு நீதிபதி வேணுகோபால் விசாரணைக் குழு. கலவரத்துக்கு முந்தின நாள்வரை ஒரே சந்தையில் மீன் விற்றவர்களும் வாங்கியவர்களும்தான் அவர்கள். 2023 அக்டோபரில் களமசேரியில் யெகோவாவின் சாட்சிகளின் மாநாட்டில் குண்டு வெடித்தது. கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் செத்தார்கள், அவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. அந்த வாரம் முழுக்க எனக்கு, எங்கள் முற்றத்தில் வெள்ளம் வாங்கிக் குடித்த முகங்கள்தான் ஞாபகத்தில் இருந்தன.

*

அந்த மீதிப் பாதி எரிச்சலுக்கு வருகிறேன்.

உறவினர் ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் துணை இருந்தபோது, மாலையில் ஒருவர் வார்டுக்குள் வந்தார். கட்டில் கட்டிலாகப் போனார். மூக்கில் குழாயோடு கிடந்தவரின் நெற்றியில் கேட்காமலே கைவைத்தார். அவர் தலையைத் திருப்ப முயன்றார், முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லும் வலு இல்லாதவரிடம் போய்ப் பேசுவதைப் பிரசங்கம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மரண வீட்டிலும், தாய் தகப்பன் வேலைக்குப் போய்ப் பிள்ளை மட்டும் இருக்கும் வீட்டிலும், கடன்காரன் வந்துபோன வீட்டிலும் இதே நிலைதான். கொக்கினாகிஸ் தீர்ப்பு போட்ட கோடு இந்த இடங்களில்தான் ஓடுகிறது. என் மதத்துக்காரர் பிரசாதத் தட்டோடு நுழைந்தாலும் இதையேதான் சொல்வேன்.

அதனால் எங்கள் நடைக்கு வருகிற சகோதரர்களிடமும் அக்காமார்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். வாருங்கள், சொல்லுங்கள். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் அந்த வீட்டைக் குறித்து வைத்துக்கொண்டு மறுபடி வராதீர்கள். நோயாளியிடமும் துக்கத்தில் இருப்பவரிடமும் போவதாக இருந்தால், பிரதிகளை வீட்டில் வைத்துவிட்டு அயல்வீட்டுக்காரராக மட்டும் போங்கள்.