நீறும் லேகியமும்

நோயைத் தீர்ப்பதாகச் சொல்லும் ஒருவரை வைத்தியர் என்பதா, போலி என்பதா என்ற கேள்வி மருத்துவத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுவதில்லை. சமயமும் அறமும் அதில் கலந்திருக்கின்றன. நெற்றியில் திருநீறு பூசி நோய் நீங்க வேண்டுவதைப் பக்தி என்கிறோம். ஒரே லேகியம் எல்லா நோயையும் போக்கும் என்று பேருந்து நிலையத்தில் கூவி விற்பதை மோசடி என்கிறோம். இரண்டு இடத்திலும் நோயாளி கொண்டுவருவது நம்பிக்கைதான். பிறகு வேறுபாடு எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் குன்றத்தூரிலிருந்து தொடங்கலாம். 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இவ்வூரில் பிறந்தவர். அவர் எழுப்பிய திருநாகேசுவரம் கோயில் இன்றும் இங்கே இருக்கிறது. அவர் நூலில் நோயும் அதன் தீர்வும் திரும்பத் திரும்ப வருகின்றன. தருமசேனர் என்ற பெயரில் சமணராக வாழ்ந்த மருள்நீக்கியாருக்குச் சூலை நோய் காண்கிறது. உடனிருந்த துறவிகள் மந்திரித்த நீரைக் குடிக்கக் கொடுக்கிறார்கள், மயிற்பீலியால் தடவுகிறார்கள், வலி ஏறுகிறது. திருவதிகையில் அக்கா திலகவதியார் ஐந்தெழுத்து ஓதித் திருநீறு தருகிறார். தம்பி பதிகம் பாட, நோய் நீங்குகிறது. மதுரையில் பாண்டியனின் வெப்பு நோயிலும் இதே அமைப்புதான்: பீலி பலிக்கவில்லை, சம்பந்தர் பூசிய நீறு பலித்தது.

புராணத்தைச் சமய எல்லைக்கு வெளியே நின்று படிப்பவருக்கு ஒன்று உறுத்தும். ஒரு பக்கம் மந்திரமும் பீலியும், மறுபக்கம் மந்திரமும் நீறும். செய்முறை ஏறத்தாழ ஒன்றே. எதிர்ச்சமயத்தாரின் வைத்தியம் மட்டும் பொய்யாகிறது. சமயப் பூசலின் நடுவே வளர்ந்த கதைகளில் இது எதிர்பார்க்கக்கூடியதே. போலி என்ற சொல் பல காலங்களில் இப்படித்தான், வென்றவர் தோற்றவருக்கு இட்ட பெயராக, வந்திருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் நாட்டு வைத்தியருக்கும் அந்தப் பெயர் விழுந்தது. 1921-இல் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்து நாட்டு மருத்துவ முறைகளை ஆராயச் செய்ய வேண்டியிருந்தது.

ஆனால் அதே புராணத்தில் இன்னொரு இடம் உண்டு. அது இன்னும் ஆழமாகப் போகிறது. திருச்செங்கோட்டில் குளிர் சுரம் பரவியபோது, இது முன்வினை என்று அடியார்கள் ஓய்ந்திருக்கவில்லை. அங்கே சம்பந்தர் பாடிய திருநீலகண்டப் பதிகம், வினையைக் காரணம் காட்டிக்கொண்டு தப்பும் வழியைத் தேடாமலிருப்பதையே குறை என்கிறது. வினைக் கொள்கையை ஏற்ற மரபே நோயாளியை முடங்கிக் கிடக்கச் சொல்லவில்லை. திலகவதியார் தந்த நீற்றுக்கும் விலை இல்லை, அதில் இரகசியமும் இல்லை. வேறு வைத்தியரிடம் போகாதே என்ற கட்டளையும் அதோடு சேர்ந்து வரவில்லை.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் விலை, இரகசியம் இரண்டும் வாணிகமாகவே வளர்ந்தன. தாமஸ் ஹாலோவே 1837-இல் ஒரு களிம்பை விற்கத் தொடங்கினார். பிறகு மாத்திரையும் சேர்ந்தது. வயிற்றுக் கோளாறு முதல் புண் வரை இரண்டும் தீர்க்கும் என்றன விளம்பரங்கள். அதே வகையைச் சேர்ந்த பீச்சம் மாத்திரையின் சேர்மானத்தை பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-இல் வெளியிட்டபோது, கரியபோளம், இஞ்சி, சோப்பு ஆகியவையே இருந்தன. 13½ பென்னிக்கு விற்ற பெட்டியில் இருந்த சரக்கின் அடக்கவிலை அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. இதையும்விடக் கொடியது, ஆலைக்குப் போகும் தாய்மார் குழந்தையைத் தூங்கவைக்கக் கொடுத்த காட்ஃப்ரே கார்டியல். அதில் அபின் இருந்தது. கண் திறக்காமலே போன குழந்தைகள் பலர். மருத்துவருக்குக் கொடுக்கக் காசும், ஒரு நாள் கூலியை இழக்க வசதியும் இல்லாதவர்களே இவற்றை வாங்கினார்கள். அவர்களை அறியாமை மிக்கவர்கள் என்று ஒதுக்குவது அநியாயம். அவர்கள் கைக்கு எட்டிய ஒரே கதவு அதுவாக இருந்தது.

குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று திருக்குறள் இடம் கொடுக்கிறது. போலி வைத்தியருக்காகப் பேசுபவர் இதைத்தான் எடுத்து வைப்பார்: ஏழைக்குக் கிடைத்தது சோப்பு மாத்திரையாக இருந்தாலும் ஆறுதல் உண்மையல்லவா? ஆறுதல் உண்மைதான். ஆனால் குறள் கேட்கும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். பிழைக்கும் நாட்களைத் தின்றுவிடும் ஆறுதல் அந்த நிபந்தனையில் தேறாது. மருந்து என்ற அதிகாரத்தில் நோய் எது, அதன் முதல் எது என்று நாடச் சொல்லி, நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றையும் கருதச் சொல்கிறார் வள்ளுவர். எல்லா நோய்க்கும் ஒரே பெட்டியை நீட்டுபவர் இவற்றில் எதையுமே கேட்பதில்லை.

பல்லாவரம், பம்மல், குன்றத்தூர் பக்கங்களில் தோல் தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் நாள்கூலிக்கு உழைப்பவருக்கு இன்றும் அதே இக்கட்டுதான். அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒரு நாள் சம்பளம் போகும். தெருமுனையில் இரவிலும் ஊசி போட ஆள் இருக்கிறார். ஒரு முறையைக் கற்காமல் அந்த முறையில் மருத்துவம் செய்பவர் போலி என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் வரையறுத்தது. அதன்படி சித்த வைத்தியர் சித்தத்தில் போலி அல்லர். படிக்காத ஆங்கில மருந்தை அவர் எழுதிக்கொடுத்தால் போலி. சமயப் பூசலும் ஆட்சி மாற்றமும் குழப்பிய இடத்தில் இந்த வரையறை தெளிவு தருகிறது. சித்தத்தை முறையாகக் கற்கும் இடமாக, தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை இந்த வரையறையின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த இடத்துக்குப் பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை டாக்டர் சவுரிமுத்து 1928-இல் தொடங்கியபோது காசத்துக்கு மருந்தே இல்லை. நல்ல காற்று, சத்தான உணவு, ஓய்வு ஆகியவற்றையே அக்காலத்துச் சானடோரியங்களால் தர முடிந்தது. பின்னாளில் எய்ட்ஸ் நோயாளிகளும் அங்கே வந்தார்கள். 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கிய முதல் இந்திய மையங்களில் தாம்பரமும் ஒன்று. அந்த மருந்தும் கிருமியை உடலிலிருந்து அறவே அகற்றுவதில்லை. வாழ்நாள் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் சாப்பிட வேண்டும் என்பதை, முதல் மாத்திரைக்கு முன்பே நோயாளிக்குச் சொல்லிவிடுகிறார்கள்.