மீட்டுருவாக்கமும் போலியும்: சேத்தோச் சாடி எழுப்பும் அறவினா

பழங்கால மட்கலத்தைப் பழைய முறையிலேயே மீண்டும் வனைவது அறிவுப்பணியா, போலிசெய்தலா என்னும் வினா மண்ணையும் சூளையையும் மட்டும் கொண்டு தீர்க்கத்தக்கதன்று. ஜப்பானில் ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரு குயவர்களின் பணி இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஷினோ வகைக் கலங்கள் சேத்தோவில் செய்யப்பட்டவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1930இல் அரகாவா தொயோசோ மினோப் பகுதியின் பாழடைந்த சூளையொன்றில் ஷினோ ஓட்டுச்சில்லைக் கண்டெடுத்து அக்கருத்தை மாற்றினார். 1933இல் அப்பகுதியிலேயே பழைய பாங்கில் சூளை அமைத்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழங்கிய அம்முறையை மீட்க முயன்றார்.

கத்தோ தோகுரோவின் வரலாறு வேறு. எய்னின் 2ஆம் ஆண்டு (1294) எனப் பொறிக்கப்பட்ட பழஞ்சேத்தோச் சாடியொன்றை ஜப்பானிய அரசு 1959இல் சிறப்புமிக்க பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. ஐயம் எழுந்தபின், 1960இல், அதனைத் தாமே வனைந்ததாகக் கத்தோ கூறினார். சாடியின் மெருகுப்பூச்சிலுள்ள தனிமங்கள் எக்ஸ் கதிரால் ஆராயப்பட்டன. 1961இல் அறிவிப்பு நீக்கப்பட்டது. அதற்குப் பரிந்துரைத்த அறிஞர் கோயாமா ஃபுஜியோ பதவி துறந்தார்.

கலம் நல்ல கலமே, பொய் அதன்மேற் பொறித்த ஆண்டில் மட்டுமே உள்ளது என வாதிடலாம். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பழையதைப் பயில்வோர் அதன் பொறிப்பையும் சேர்த்துப் படியெடுப்பது பிழையாகாது. ஆயின் 1954இல் கத்தோ தொகுத்த மட்கல அகராதியில் இச்சாடியின் படம் பழங்கலமாகவே இடம்பெற்றது. குயவரின் கை செய்ததை அகராதியாசிரியரின் சொல் சான்றாக்கிவிட்டது. குற்றம் பொறிப்பிலன்று, இங்கேதான் உள்ளது எனலாம்.

சுவடிப்பதிப்பில் பழகியோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஏடு சிதைந்த இடத்தைப் பதிப்பாசிரியர் தம் சொல்லால் நிரப்பி அடைப்புக்குறி இடுகிறார். குறியை நீக்கிவிட்டால் அதே சொல் இடைச்செருகலாகிறது. சொல் எத்துணைப் பொருத்தமாயினும் அது மூலமாகாது. பொருந்துந்தோறும் தீங்கு மிகுதியே, கண்டறிதல் அரிதாதலின்.

அறிஞரையே மயக்கிய கைத்திறன் எனக் கத்தோவைப் போற்றுவோர் இதனைக் கருதுவதில்லை. 1961இல் அச்சாடியோடு வேறு இரு பழஞ்சேத்தோக் கலங்களும் அச்சிறப்பை இழந்தன. சேத்தோக் கலங்களின் காலவரிசைக்கு ஆண்டு பொறித்த சாடி ஓர் அளவுகோல்; அளவுகோல் பொய்த்தால் அதனைக் கொண்டு அளந்தவையும் ஐயத்திற்குள்ளாகின்றன. அரகாவாவின் கிண்ணங்கள் எதற்கும் இவ்வாறு அளவுகோலாக நிற்கவில்லை. அவை அவர் பெயராலேயே வழங்கின. பழைய சில்லோடு வைத்து எங்கே ஒக்கிறது, எங்கே ஒவ்வாது என்று எவரும் ஒப்பிட இடமிருந்தது. 1955இல் ஜப்பானிய அரசு அவரை அம்மரபின் காவலராக ஏற்றது, அவர் வனைந்தவை இருபதாம் நூற்றாண்டுக் கலங்கள் என்பதை அறிந்தே.