பாதையின் ஹக்

பாதையோரங்களில் உட்கார்ந்திருப்பதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்குச் சொன்ன செய்தி நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கூடிப் பேச வேறு இடமில்லையே என்று தோழர்கள் குறைப்பட்டபோது, அப்படியாயின் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுமாறு பதில் வந்தது. அது எது என்று கேட்டார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது. சந்தியில் நிற்கும் இளைஞர்களைக் கண்டிக்க ஜும்ஆப் பிரசங்கங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஹதீஸ் இது. அதற்கப்பால் நாம் இதை யோசிப்பது குறைவு. பாதைக்கும் ஓர் உரிமை உண்டு என்பதும், அந்த உரிமையில் முதலாவது கண்ணைப் பற்றியது என்பதும் எனக்கு வியப்பாகவே இருக்கின்றன. பார்ப்பதற்கென்றே மனிதர்கள் வந்து நடக்கும் பாதைகளில் இந்த முதலாவது ஹக்கை எப்படி நிறைவேற்றுவது?

ஊவாவில் இருப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது. எல்லவில் இறங்கித் தண்டவாள வழியே எல்ல றொக்குக்கு நடப்போர், 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் பிடிப்போர், சின்ன சிவனொளிபாதமலைக்குத் தேயிலைக்கு நடுவால் ஏறுவோர், தம்பேதன்னைத் தோட்டத்தைக் கடந்து லிப்டன் சீட்டுக்குப் போவோர் என்று உல்லாசப் பயணிகளின் கால்கள் இம்மலைகளில் ஓய்வதில்லை. அண்மைக் காலத்தில், கண்டிப் பக்கமிருந்து ஊவாவைச் சுற்றி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல் நீளும் நடைவழி ஒன்றை 22 பகுதிகளாக அடையாளமிட்டு, பீக்கோ ட்ரெயில் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை, ஹாலி-எல எல்லாம் அதில் அடங்கும். பீக்கோ என்பது தேயிலைத் தரமொன்றின் பெயர். பொருத்தமான பெயர்தான். இந்தப் பாதைகளில் பெரும்பகுதி கொழுந்தும் தூளும் ஆளும் போய்வர வெட்டப்பட்டவை. மகிழ்ச்சிக்காக நடப்பவரை வெட்டியவர்கள் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதற்கு முன்பும் இங்கே பாதைகள் இருந்தன. கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றி வந்த தவளப் பாதைகள். அந்த மாடுகளை ஓட்டியவர்களில் நம்மவர்கள் பெரும்பங்கினர். 1817இல் வெல்லஸ்ஸையில் மூண்ட கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று, அப்பகுதி முஸ்லிம்களுக்கும் தவளப் போக்குவரத்துக்கும் மேலாளாக ஹாஜி மரிக்காரை வெள்ளையர் நியமித்தது. பாதை யார் கையில் என்பது அன்றும் சின்ன விஷயமாக இருக்கவில்லை. பிறகு கோப்பி வந்தது. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறினார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கில். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான்.

நடையை நாமும் ஒரு வகையில் புனிதமாக்கி வைத்திருக்கிறோம். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா பாவா ஆதம் மலைக்கு ஏறினார். மேலே போக பாபா வழி, மாமா வழி என இரண்டு உண்டு என்றும், அவை ஆதமையும் ஹவ்வாவையும் குறிப்பன என்றும் எழுதிவைத்திருக்கிறார். மாமா வழி இலகுவானது. ஆனால் அதால் ஏறியவரை ஸியாரம் செய்தவராக எவரும் கணிப்பதில்லையாம். கரடுமுரடான பாபா வழியில் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். கஷ்டத்திலேதான் நன்மை. ஆனால் அந்தக் கஷ்டம் யாத்திரிகர் தாமாக எடுத்துக்கொண்டது. வேண்டாமென்றால் ஊரிலேயே இருந்திருக்கலாம். மன்னார்ப் பாதையில் நடந்தவருக்கு ஊரில் சோறு இருக்கவில்லை. இன்று முதுகுப் பையோடு ஏறுகிறவரோ களைப்பையும் காசு கொடுத்து வாங்குகிறார். மூவருக்கும் வியர்க்கிறது. வியர்வையை மட்டும் வைத்து நடையை அளந்துவிட முடியாது.

எட்டாம் வகுப்புக்கு 'நான் கண்டு களித்த இடம்' என்று கட்டுரை எழுதக் கொடுப்பது எங்கள் தொழிலில் வருடத்துக்கு ஒருமுறை வரும். பேராதனைப் பூங்காவையும் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையையும் பிள்ளைகள் எழுதுவார்கள். போகாதவர்களும் எழுதுவார்கள், பயிற்சிப் புத்தகத்தில் இருப்பவை அவைதானே. பாடசாலை ஜன்னலால் தெரியும் மலையை, எங்கெங்கோ இருந்து விமானமேறி வந்து பார்க்கும் மலையை, ஒரு பிள்ளையும் எழுதியிருக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "அங்க எங்கம்மா வேல செய்யுறாங்க சேர்" என்றாள். அதற்குமேல் விளக்கம் தேவை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

தத்துவம் படித்தவர்கள் இவளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். இம்மானுவேல் கான்ட் 1790இல் வெளியிட்ட நூலில், ஒன்று அழகானதா என்று தீர்க்கும்போது நமது சொந்த அக்கறைகளை ஒதுக்கிவைக்க வேண்டும் என்கிறார். அரண்மனையை உதாரணம் காட்டுகிறார். மக்களின் வியர்வையை வீணடித்துக் கட்டியது என்று ரூசோவின் பாணியில் ஏசலாம். அதை ஒத்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் கேட்ட கேள்வி அதுவல்ல என்பது அவர் கட்சி. அரண்மனைக்கு இது ஒருவேளை பொருந்தும். கட்டியவன் போய்விட்டான், கல் நிற்கிறது. தேயிலை மலைக்கு இது பொருந்தாது. தேயிலையை அதன்பாட்டில் விட்டால் மரமாகிவிடும். சில நாட்களுக்கொரு முறை கொழுந்தெடுத்து, சில வருடங்களுக்கொரு முறை கவ்வாத்து வெட்டி, இடுப்பளவில் மட்டமாக நிறுத்தி வைத்திருப்பதால்தான் அந்தப் பச்சைக் கம்பளம். (சுற்றுலாப் பிரசுரங்கள் தேய்த்துவிட்ட உவமைதான்; வேறு கிடைக்கவில்லை.) கைவிடப்பட்ட மலைகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மானாப்புல்லும் செடிகொடியும் மூடி, தேயிலை எது காடு எது என்று தெரியாமல் கிடக்கும். நாம் நின்று ரசிப்பது போன கிழமை அந்த மலைமேல் போன கைகளின் தடத்தை. வியர்வையை ஒதுக்கி வைத்தால் ரசிக்க அங்கே எதுவும் மிஞ்சாது. கான்ட் தம் ஊர்ப் பக்கத்தைத் தாண்டி அதிகம் போகாதவர், அவரை மன்னிக்கலாம்.

அப்படியானால் பார்க்கவே கூடாதா? நண்பர் ஒருவர் அப்படித்தான் வாதிடுவார். லயத்தைக் கடந்து போகும் உல்லாச நடையெல்லாம் அவமானம் என்பார். எனக்கு உடன்பாடில்லை. வருகிறவர்களால் தேநீர்க்கடை, திறீவீல், வாடகை அறை என்று நாலு காசு புழங்குகிறது. தோட்டத்துக்கு வெளியே வேலை தேடும் இளைஞர்களுக்கு அது சிறிதல்ல. என் சங்கடம் கண்ணைப் பற்றியது. பாதை பீலிக்கரையைத் தொட்டுப் போகிறது. அங்கே பெண்கள் குளிக்கிறார்கள். பாதை இஸ்தோப்பை உரசிப் போகிறது. உள்ளே இருக்கும் ஒற்றைக் காம்பராவின் பாயும் பாத்திரமும் தெரிகின்றன. கேளாமலே படம் எடுக்கப்படுகிறது. பிள்ளைகளுக்கு டொபியும் பேனையும். அந்தப் பேனைகள் மறுநாள் எங்கள் வகுப்பறைக்கு வந்துவிடும், பாதி எழுதாது. பரிதாபத்தோடு பார்ப்பதும் பார்வைதான். தாழ்த்த வேண்டிய பார்வைகளில் அதையும் சேர்க்க வேண்டும் என்பேன். எதிரே பாரத்தோடு வருபவருக்கு ஒதுங்கி வழிவிடுவதும், அவர் வணக்கம் சொன்னால் நின்று பதில் சொல்வதும் அந்தப் பழைய பட்டியலிலேயே இருக்கின்றன.

பார்வையைத் தாழ்த்தச் சொன்ன மார்க்கமே பார்க்கவும் சொல்கிறது. பூமியில் நடந்து, முன்னிருந்தோரின் கதி என்னவாயிற்று என்று பாருங்கள் என்ற அழைப்பு குர்ஆனில் திரும்பத் திரும்ப வருகிறது. சுற்றுலாவுக்கு ஆதாரமாக இதை எடுத்துக் காட்டுவோர், எதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். தியலுமவின் 220 மீற்றர் வீழ்ச்சியையும் மேலுள்ள தடாகங்களையும் நாடிப் போகிறவர்கள் கொஸ்லந்தைக்குக் கிட்டத்தில்தான் திரிகிறார்கள். அங்கே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயின. காட்சிக்கு நல்ல சரிவும் லயம் நிற்கும் சரிவும் அனேகமாக ஒன்றுதான். 1890இல் தம்பேதன்னையை வாங்கிய தோமஸ் லிப்டன் தம் ஆசனத்தில் சிலையாக இன்னும் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். மீரியபெத்தையையும் அப்படிக் காட்சிப்பொருளாக்கச் சொல்லவில்லை. அந்த வழியால் நடப்பவருக்கு எங்கே நடக்கிறோம் என்றாவது தெரிய வேண்டும்.

அந்த மாணவிக்கு அழகுணர்ச்சி இல்லை என்று எண்ணுவது நமது திமிர். அவள் வீட்டாருக்குக் கிடைக்காதது, அந்த மலையில் சும்மா நிற்க ஒரு பொழுது. கூடை இல்லாமல், கங்காணியின் சத்தம் இல்லாமல், கிலோக் கணக்கு இல்லாமல். சும்மா நடப்பதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். வியாபாரச் சமூகம் வேறு. ஆனால் ஒரு நிலத்தைத் தன்னுடையது என்று உணர அதில் உழைப்பது மட்டும் போதாது போலிருக்கிறது. காரணமின்றி நடந்து திரியவும் வேண்டியிருக்கிறது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இன் ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கு பிரிக்கப்பட்ட சனத்துக்கு இது பெரிய விஷயமா என்று கேட்பார்கள். இரண்டு நூற்றாண்டாக நடந்தும் வழிப்போக்கராகவே எண்ணப்பட்டவர்களுக்கு இது பெரிய விஷயம்தான்.

அடுத்த கிழமை தலைப்பை மாற்றிக் கொடுத்தேன். உங்கள் பக்கத்துப் பாதைகளின் பெயர்களை எழுதுங்கள் என்றேன். கோயில் குறுக்கு, மடுவத்து ரோட்டு, பீலிக்கரைப் படி, பழைய ஸ்டோர் ரோட்டு, பேய்ப்பாலம் என்று இரண்டு பக்கத்துக்கு வந்தன. பலவற்றை இத்தனை வருடத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை. அம்மா வேலை செய்கிறாள் என்று சொன்ன பிள்ளை எழுதியவற்றுள் ஒன்று அம்மாச்சி முடக்கு. யாருடைய அம்மாச்சி என்று கேட்டேன். தெரியாது சேர், எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க என்றாள்.