திருநீலகண்டமும் நம் அயலவரும்



திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது, உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. பெருமான் திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார். அடியார்களை மட்டுமன்றி அந்நாட்டையும் விட்டு நோய் நீங்கியதெனச் சேக்கிழார் சுவாமிகள் கூறுகிறார். தம்மவருக்காகப் பாடிய பதிகம் அயலவரையும் காத்தது.

நாம் வாழும் கனடாவில் நடந்ததோ வேறு. 2003இல் சார்ஸ் நோய் ரொறன்ரோவுக்கு வந்தபோது சீன உணவகங்கள் வெறிச்சோடின. 2020இல் கொரோனா வந்தது. நோயின் பெயரால் எந்த நாட்டவரும் பழிக்கப்படலாகாது என்றே உலக சுகாதார நிறுவனம் அதற்குக் கோவிட்-19 எனப் பெயரிட்டது. ஆயினும் சீன முகம் கண்ட இடத்தில் வசை விழுந்தது. வன்கூவர் காவல்துறை 2019இல் பதிந்த ஆசியர் மீதான வெறுப்புக் குற்றங்கள் 12, 2020இல் 98.

கணக்குத் தொழிலில் இருக்கும் எங்களுக்குத் தெரியும், ஏட்டில் எழுதாத கடனும் கடனே. காவல்துறை ஏட்டில் ஏறாதவை மனங்களில் ஏறின. கடைக்குப் போகப் பயந்த மூதாட்டி, பள்ளிக்கூடம் வேண்டாமென்ற பிள்ளை, உறக்கமற்ற இரவு, காரணமின்றிப் படபடக்கும் நெஞ்சு. தொற்று ஓய்ந்ததும் இவை தாமாக ஓய்ந்துவிடுவதில்லை.

இவ்வேதனை நமக்குப் புதிதா? 1983 ஆடியில் கொழும்பில் தமிழ் கதைக்கப் பயந்து, நெற்றிப் பொட்டை அழித்துத் தப்பிய சமூகமல்லவா நாம்? பிறப்பே குற்றமாகும்போது மனம் என்ன பாடுபடும் என்று எவரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆலகால நஞ்சைக் கண்டத்தில் நிறுத்த இறைவன் ஒருவனுக்கே இயலும். அவமானத்தை விழுங்கவும் முடியாமல் உமிழவும் முடியாமல் வைத்திருக்கும் மனிதருக்கு அது நோயாகிவிடும். ஆகவே, "பொறுத்துக்கொள், போகட்டும்" என்று பிள்ளைகளின் வாயை அடைக்காதிருப்போம். அவர்கள் சொல்வதை இருந்து கேட்போம். தேவையெனில் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். மனத்துக்கு வைத்தியம் பார்ப்பதில் வெட்கமில்லை.

பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தை நலம் விசாரிப்போம். பஸ்ஸில் ஒருவரை ஏசினால் அவர் அருகில் போய் அமர்வோம். அர்ச்சனைக்கு நம் குடும்பத்தார் பெயர் நட்சத்திரம் சொல்லிக் கைகூப்பும்போது, பெயர் தெரியாத அந்த அயலவரையும் மனத்தில் சேர்த்துக்கொள்வோம்.

நீலகண்டப் பெருமான் அனைவருக்கும் அருள்பாலிப்பாராக.

திருச்சிற்றம்பலம்.