கடைசி வரிசையில் யார்?

இரண்டாவது குழந்தை பிறந்து, ஊரில் இருந்த பெரியவர்களும் நம்மோடு வந்து தங்கிவிட்டால், பெரிய கார் வாங்கும் பேச்சு வீட்டில் தானாகவே கிளம்பிவிடும். எங்கள் வீட்டிலும் கிளம்பியது. திருச்சி உறையூரில் இருக்கிறோம். நான், கணவர், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், கைக்குழந்தையான மகன், மாமா, அத்தை என ஆறு பேர். வீட்டில் இருந்ததோ ஐந்து பேருக்கான சின்ன கார். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், அலுவலக நண்பர்கள் என்று ஆளாளுக்கு ஒரு வண்டியைச் சொன்னார்கள். எல்லாப் பேச்சும் மைலேஜில் தொடங்கி, கம்பெனிப் பெயருக்குப் போய், நிறத்தில் வந்து முடிந்தது. கடைசி வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. குடும்பத்துக்குக் கார் தேடும்போது முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காரைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் அதை ஓட்டப் போகிறவர். ஷோரூமில் விற்பனையாளர் கதவைத் திறந்து முதலில் உட்கார வைப்பதும் அவரைத்தான். திரை எவ்வளவு பெரியது, பிக்கப் எப்படி, கியர் எவ்வளவு லகுவாக விழுகிறது என்றெல்லாம் அவர் பார்க்கிறார். ஆறு பேர் போகப் போகும் வண்டிக்கான முடிவு அந்த ஒரே இருக்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. பின்வரிசை ஆட்கள் வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் அதில் ஏறுகிறார்கள். யாருக்கு எந்த இடம் என்று அப்போதும் யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை. முழங்கால் வலியை வெளியே சொல்லாதவரும், பிள்ளையை மடியில் வைத்திருப்பவரும், வயதில் சின்னவர்களும் தாமாகவே பின்னுக்குப் போய்விடுகிறார்கள். “எனக்கு எங்க இருந்தாலும் பரவாயில்லம்மா” என்பார் அத்தை. எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருக்கு எந்த இருக்கை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய குடும்பம் ஒரே வண்டியில் போவது நமக்குப் புதிதல்ல. அம்பாசடரில் முன்னிருக்கை ஒரே பெஞ்சாக இருந்தது. கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்ததால் முன்னால் மூன்று பேர் உட்கார முடிந்தது. பின்னால் நான்கு பேர், மடியில் பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே கல்யாணத்துக்குப் போய் வந்தது. 1994-ல் டாடா சுமோ வந்தது. 2000-ல் குவாலிஸும், 2005-ல் அதன் இடத்துக்கு இன்னோவாவும் வந்தன. 2012-ல் வந்த எர்டிகா, மூன்று வரிசை வண்டியை நடுத்தரக் குடும்பத்துக்குக் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. 2019-ல், நம் ஒரகடத்தில் தயாராகும் ட்ரைபர் நான்கு மீட்டருக்குள்ளேயே ஏழு இருக்கைகளை வைத்தது. ஏழு பேர் வண்டி கிடைக்குமா என்ற கவலை இன்று இல்லை. அந்த ஏழாவது இருக்கை எப்படிப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதைப் பார்க்கச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கார்ப்பியோ, பொலேரோ, இன்னோவா கிறிஸ்டா போன்ற வண்டிகளில் கீழே கனமான இரும்புச் சட்டம் தனியாக இருக்கிறது. உடல் அதன்மேல் ஏறி உட்காருகிறது. கரடுமுரடான பாதைக்கும் பாரத்துக்கும் அது நல்லது. ஆனால் உள்ளே தரை உயர்ந்துவிடும். ஏறும்போது காலை உயரத் தூக்க வேண்டும். தரை உயர்ந்த அளவுக்கு இருக்கையும் உயராவிட்டால், பின்வரிசையில் உட்காருபவரின் முழங்கால் நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்துவிடும். எர்டிகா, ட்ரைபர், காரென்ஸ், இன்னோவா ஹைகிராஸ் போன்றவற்றில் சட்டமும் உடலும் ஒன்றாகவே செய்யப்படுகின்றன. தரை தாழ்வாக இருக்கும். மூட்டுவலி உள்ளவருக்கு இந்தச் சில அங்குலங்கள்தான் பயணத்துக்கு வருவதா வீட்டிலேயே இருந்துகொள்வதா என்பதை முடிவு செய்கின்றன. “எனக்கு அலைச்சல் ஒத்துக்காது, நீங்க போயிட்டு வாங்க” என்று பெரியவர்கள் சொல்லும்போது, அவர்களைத் தயங்க வைப்பது பல நேரம் காரின் படிதான்.

மூன்றாவது வரிசை பின்சக்கரத்துக்கு மேலேயோ அதை ஒட்டியோ அமைகிறது. ஒவ்வொரு பள்ளமும் வேகத்தடையும் அங்கேதான் அதிகமாகத் தூக்கிப் போடும். ஜன்னலும் சிறியது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பின்வரிசைப் பிள்ளைகளாகத்தான் இருக்கும். ஏ.சி. காற்று அங்கே போய்ச் சேருகிறதா என்பதைத் திருச்சியின் மே மாத மதியத்தில்தான் சோதிக்க வேண்டும். மாலை நேர டெஸ்ட் டிரைவில் அது தெரியாது.

சாமான் வைக்கும் இடமும் இதோடு சேர்ந்ததுதான். மூன்று வரிசையும் விரித்திருக்கும்போது ட்ரைபரின் டிக்கி 84 லிட்டர், எர்டிகாவினுடையது 209 லிட்டர். முதலாவதில் பள்ளிக்கூடப் பைகள் நிற்கும். இரண்டாவதில் பெட்டிகள் ஒன்றிரண்டு நிற்கும். பின்னிருக்கையைக் கழற்றிவிட்டால் ட்ரைபரில் 625 லிட்டர் கிடைக்கும், ஆனால் அப்போது அது ஐந்து பேர் வண்டி. எர்டிகாவில் சி.என்.ஜி. எடுத்தால் சிலிண்டர் டிக்கியில்தான் உட்காரும். ஏழு பேரும் ஏழு பேரின் துணிமணியும் ஒன்றாகப் போக வேண்டுமானால், வண்டியின் நீளத்துக்கு மாற்று கிடையாது.

குழந்தை இருக்கும் வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்றாவது வரிசைக்குப் போக நடுவரிசையின் ஒரு பக்கத்தை மடக்க வேண்டும். நம் ஊரில் அது பெரும்பாலும் நடைபாதைப் பக்கமான இடப்பக்கம். குழந்தைக்கான தனி இருக்கையை அங்கே பொருத்திவிட்டால் வழி அடைபட்டுவிடும். ஓட்டுநருக்குப் பின்னால், வலப்பக்கம் பொருத்த வேண்டும். அல்லது நடுவரிசையில் இரண்டு தனித்தனி இருக்கைகள் உள்ள மாடலை எடுத்தால் நடுவே நடந்து போகலாம். ஆனால் ஓர் ஆள் இடம் குறையும். குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலான வண்டிகளில் நடுவரிசையின் இரு ஓரங்களில்தான் இருக்கின்றன. ஆக, கைக்குழந்தையின் இடம் முதலிலேயே முடிவாகிவிடுகிறது. மற்றவர்களின் இடங்களை அதை வைத்துத்தான் ஒதுக்க வேண்டும்.

மடியில் வைத்துக்கொண்டால் என்ன என்று பெரியவர்கள் கேட்பார்கள். நம்மை எல்லாம் மடியில் வைத்து வளர்த்தவர்கள் அவர்கள். அந்தக் கேள்வியில் இருப்பது பாசம். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, ஏறத்தாழ 140 கிலோவைத் தூக்கும் வலு வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அந்த வலு கிடையாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பெல்ட்டோ தனி இருக்கையோ கட்டாயம் என்கிறது. மீறினால் 1000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் மும்பைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அது விலை உயர்ந்த சொகுசு கார். பின்னிருக்கையில் பெல்ட் போடாமல் இருந்த அவரும் இன்னொருவரும் உயிரிழந்தார்கள். முன்னால் இருந்த இருவர் காயங்களோடு பிழைத்தார்கள். அதனால் ஷோரூமில் இருக்கைகளை எண்ணுவதை விட்டுவிட்டுப் பெல்ட்டுகளை எண்ணுங்கள். எல்லா இடத்திலும் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் இருக்கிறதா, பின்வரிசைத் தலைச்சாய்ப்பு தலையின் உயரத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனை பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியாக நட்சத்திரம் தருகிறது. குழந்தைகளுக்கான நட்சத்திரத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

“அது டாக்சிக்காரங்க ஓட்டுற வண்டி” என்று சொல்லி நல்ல வண்டிகளை ஒதுக்குபவர்களை நிறையப் பார்க்கிறேன். அப்படிச் சொல்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வண்டியால் பிழைப்பவர், அன்றாடம் முன்பின் தெரியாத குடும்பங்களை ஏற்றி இறக்குபவர், தன் காசைப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால் அதில் இடம் இருக்கிறது, செலவு குறைவு, பழுது பார்ப்பது எளிது என்றுதானே பொருள்? ஊருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும் முகப்புக்காகப் பின்வரிசையில் பெரியவர்களை மடங்கி உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீதியில் இருப்பவர்கள் காரை வெளியிலிருந்து ஒரு நிமிடம் பார்ப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதற்குள் மணிக்கணக்கில் உட்காருவார்கள்.

இதற்கு நேர் எதிரான பேராசை ஒன்றும் உண்டு. குலதெய்வம் கோயிலுக்கு, முடி இறக்கிக் காது குத்த, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளையும் சேர்த்து எல்லோரும் போக வேண்டும் என்று, வருடத்தில் ஓரிரு நாள் வரும் கூட்டத்தை மனத்தில் வைத்து வண்டி வாங்குவது. அந்த நாளுக்கு எந்தக் காரும் போதாது. டெம்போ டிராவலரோ வேனோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு நாளுக்காக வருடம் முழுவதும் உறையூர்ச் சந்தில் பெரிய வண்டியைத் திருப்பி நிறுத்தவும், மாதா மாதம் தவணை கட்டவும் வேண்டியதில்லை. தினமும் ஒரே கூரையின் கீழ்ச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்குத் தாராளமான இடமும், அவர்கள் சாமானுக்கு இடமும் இருந்தால் போதும்.

பணத்தையும் பேசியாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் இருக்கும் சிறிய எஞ்சின் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40. தமிழ்நாட்டில் ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 13 விழுக்காடு, 20 லட்சம் வரை 18, அதையும் தாண்டினால் 20. ஷோரூம் விலைக்கும் ஆன்ரோடு விலைக்கும் நடுவே இப்படி ஒரு பெரிய இடைவெளி விழுகிறது. நான்கு மீட்டருக்குள் ஏழு இருக்கைகளை அடக்கும் முயற்சிக்கு இந்த வரி எல்லையும் ஒரு காரணம். பட்ஜெட் இடிக்கும்போது, அந்தச் சின்ன வண்டியைப் புதிதாக எடுப்பதா, கொஞ்சம் நீளமான வண்டியைப் பழையதாக எடுப்பதா என்ற கேள்வி வரும். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். தரை தாழ்ந்த, நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள, ஆயுள் வரி கட்டி முடிந்த வண்டி. பெல்ட்டுகளையும் ஏர்பேக்குகளையும் சர்வீஸ் பதிவுகளையும் மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிட்டு வாங்கினோம். அத்தைக்கு நடுவரிசையின் இடப்பக்க ஜன்னல். மகனின் இருக்கை வலப்பக்கம். மாமா முன்னால். பூஸ்டர் இருக்கையில் மகளும், அவளோடு நானும் கடைசி வரிசையில். நீண்ட பயணத்தில் நானும் கணவரும் ஓட்டுவதையும் பின்னால் உட்காருவதையும் மாற்றிக்கொள்கிறோம். எளிதில் ஏறி இறங்க முடிந்தவருக்கே கடைசி வரிசை என்பது எங்கள் வீட்டில் சட்டம்.

ஏழு இருக்கையும் நிறையும் காலம் ஒரு குடும்பத்துக்கு நீண்டதல்ல என்பதையும் நினைக்கிறேன். பெரியவர்களின் உடம்பு பயணத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் நம்மோடு வரும் ஆசை இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக அமையும் வருடங்கள் கொஞ்சம்தான். மகள் கல்லூரிக்குப் போய்விடுவாள்; பெரியவர்கள் வாசல்வரை வருவதே பெரிய காரியமாகிவிடும். அப்போது சின்ன காரே போதும். பெரிய வண்டி இந்தச் சில வருடங்களுக்கானது. அதில் ஓர் ஆள் உடம்பு வலிக்குப் பயந்து வீட்டிலேயே தங்கிவிட்டால், அத்தனை விலை கொடுத்ததற்குப் பொருள் இல்லை.

ஆகவே கார் வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வீட்டில் உள்ள எல்லோரையும் ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். குழந்தையின் இருக்கையையும் ஊருக்குப் போகும் பைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஏறி, பெல்ட் போட்டு, பைகளையும் ஏற்றிய பிறகு, மதிய வெயிலில் வேகத்தடைகள் உள்ள சாலையில் அரை மணி நேரமாவது போய் வாருங்கள். திரும்பி வந்ததும் ஓட்டியவரிடம் கருத்துக் கேட்காதீர்கள். “எனக்கு எங்க இருந்தாலும் பரவாயில்ல” என்று சொல்லும் அந்த ஒருவரிடம், முதுகு எப்படி, முழங்கால் எப்படி, காற்று வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் மனதாரச் சரி என்ற பிறகு பணத்தைக் கட்டுங்கள்.